ரோமின் பார்வைக்கு வைக்கப்பட்ட வடக்கு: 1539-ஆம் ஆண்டின் ‘கார்ட்டா மரீனா’ குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய வரைபடங்களில் கடல் பூதங்களும் வினோத மிருகங்களும் எதற்காக வரையப்பட்டன என்று கேட்டால், தகவல் இல்லாத இடத்தை வெறுமையாக விட மனமில்லாமல் ஓவியர்கள் நிரப்பிவைத்தார்கள் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். சில வரைபடங்களைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வட ஐரோப்பாவின் நிலவியலையும் மக்கள் வாழ்க்கையையும் உள்ளூர் வரலாற்றையும் ஒரே தாளில் சேர்த்து, 1539-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான ‘கார்ட்டா மரீனா’வை அந்த விடையோடு மூடிவிட முடியாது. அதில் உள்ள படங்களில் பெரும்பாலானவை ஓலாவுஸ் மாக்னுஸ் என்ற ஒரு குறிப்பிட்ட மனிதர், குறிப்பிட்ட நோக்கத்தோடு, குறிப்பிட்ட வாசகர்களின் முன் எடுத்துவைத்த சான்றுகள். அவற்றில் எது நின்றது, எது விழுந்தது, ஏன் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வரைபடத்தின் அமைப்பு

ஒன்பது மரக்கட்டைகளில் செதுக்கப்பட்டு ஒன்பது தாள்களில் அச்சிடப்பட்ட இந்த வரைபடம், தாள்களை ஒட்டிச் சேர்த்தால் ஏறத்தாழ 1.70 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் கொண்ட சுவர்ப்படமாகிறது. மேற்கே கிரீன்லாந்தின் விளிம்பிலும் ஐஸ்லாந்திலும் தொடங்கி, நார்வே, டென்மார்க், சுவீடன், பின்லாந்து ஆகியவற்றைக் கடந்து, கிழக்கே மாஸ்கோ அரசின் எல்லைப்புறம்வரை இது விரிகிறது. தெற்கு விளிம்பில் ஸ்காட்லாந்தும் வட ஜெர்மனியின் கடற்கரையும் தெரிகின்றன. ஓரங்களில் பாகைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. கடலில் திசைகாட்டிப் பூக்களும் அவற்றிலிருந்து கிளம்பும் திசைக்கோடுகளும் உள்ளன. ஆகவே, வரைபடம் என்ற பெயரில் தீட்டிய வெறும் ஓவியம் என்று இதை ஒதுக்க வழியில்லை. அக்காலக் கடற்பட மரபையும் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் பாகை மரபையும் தெரிந்த ஒருவரின் வேலை இது.

ஆயினும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது பாகைகள் அல்ல. துருவமான்கள் வண்டி இழுக்கின்றன. பனிச்சறுக்குக் கட்டைகளில் விரையும் வேட்டைக்காரர்கள் வில்லை வளைக்கிறார்கள். உறைந்த கடலின் மேல் குதிரைகள் ஓடுகின்றன. சிம்மாசனங்களில் அரசர்கள் வீற்றிருக்கிறார்கள். பாம்பு ஒன்று கப்பலைச் சுற்றி வளைக்கிறது. இவை கண்டபடி தூவப்பட்டவை அல்ல என்பதற்கான உறுதியான தடயம் வரைபடத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பது தாள்களுக்கும் ‘ஏ’ முதல் ‘ஐ’ வரையிலான பெரிய ரோமன் எழுத்துகள் தரப்பட்டுள்ளன. ஒவ்வொரு தாளிலும் முக்கியமான படங்களுக்குச் சிறிய எழுத்துகள் இடப்பட்டுள்ளன. இடப்பக்கக் கீழ்மூலையில் அந்த எழுத்துகளுக்கான விளக்கம் லத்தீன் மொழியில் வரிசையாக அச்சிடப்பட்டுள்ளது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ஆவணங்களுக்கு எண்ணிட்டு அட்டவணை இணைப்பதைப் போன்ற ஏற்பாடு இது. இடத்தை நிரப்புவதற்காக மட்டும் படம் வரைபவர் அதற்கு எழுத்திட்டு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கமாட்டார்.

அதே ஆண்டிலேயே ஜெர்மன் மொழியில் ஒரு சிறு விளக்க நூலும், இத்தாலிய மொழியில் இன்னொன்றும் வெளியிடப்பட்டன. லத்தீன் படித்த திருச்சபையினருக்கு வரைபடத்தின் மூலையில் உள்ள குறிப்பே போதும். அதற்கு மேலும் இரண்டு மொழிகளில் நூல் போட்டதைப் பார்க்கும்போது, வடகடலில் வணிகம் செய்த ஜெர்மன் நகரத்தாரையும் இத்தாலிய நகரங்களின் செல்வாக்குள்ளவர்களையும் சேர்த்தே ஆசிரியர் மனத்தில் கொண்டிருந்தார் என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது.

வரைந்தவரின் நிலை

ஓலாவுஸ் மாக்னுஸ் 1490-இல் சுவீடனின் லின்ஷோப்பிங் நகரில் பிறந்த கத்தோலிக்கக் குரு. 1518-1519 ஆண்டுகளில் அவர் நார்வேயின் டிரொண்ட்ஹெய்ம் வழியாகவும் சுவீடனின் வடபகுதி வழியாகவும் பயணம் செய்து, பொத்னியா வளைகுடாவின் தலைப்பகுதியில் உள்ள தோர்னியோ வரை சென்றார். அந்தப் பயணத்தின் காரணம் வேடிக்கையானது. ரோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டுவதற்காகப் பாவமன்னிப்புச் சீட்டு வழங்கி நிதி திரட்ட வந்த போப்பின் பிரதிநிதி ஆர்ச்சிம்போல்தியின் சார்பில்தான் அவர் போனார். மார்ட்டின் லூத்தர் 1517-இல் விட்டன்பெர்கில் இதே சீட்டு வணிகத்தை எதிர்த்துத்தான் தம் கருத்துரைகளை முன்வைத்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், பின்னாளில் ஓலாவுஸைத் தாய்நாட்டிலிருந்து வெளியே நிறுத்திய நெருப்புக்கும் அவரை வடக்கே அழைத்துச்சென்று வரைபடத்துக்கான கண்ணறிவைத் தந்த பயணத்துக்கும் ஊற்றுக்கண் ஒன்றே என்பது விளங்கும்.

1523-இல் குஸ்தவ் வாசா சுவீடனின் அரசரானார். அடுத்த சில ஆண்டுகளில் அரசு லூத்தரின் பக்கம் சாய்ந்தது. திருச்சபையின் சொத்துகள் அரசின் கைக்கு மாறின. அரசரின் தூதுப்பணியாக வெளிநாடு போன ஓலாவுஸ் அதன்பின் ஊர் திரும்பவே இல்லை. உப்சாலாவின் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அவருடைய அண்ணன் யோஹான்னஸ் மாக்னுஸும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சகோதரர்கள் இருவரும் பால்டிக் கரையில் இன்று கிதான்ஸ்க் எனப்படும் டான்சிக் துறைமுக நகரில் தங்கினார்கள். 1527-இல் வரைபட வேலை தொடங்கியது.

டான்சிக் என்ற இடத்தைக் கவனிக்கவேண்டும். ஹான்சா வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த அந்தத் துறைமுகத்தில் வடகடல் முழுவதிலிருந்தும் மாலுமிகளும் வணிகர்களும் வந்து இறங்கினார்கள். ஓலாவுஸ் ஐஸ்லாந்துக்கோ பரோயே தீவுகளுக்கோ சென்றதாகச் சான்று இல்லை. ஆனால் அங்கு போய்வந்தவர்களிடம் விசாரிப்பதற்கு அதைவிட வசதியான துறைமுகம் அவருக்கு வாய்த்திருக்காது. தாமே பார்த்த வட நிலப்பகுதி, பிறரிடம் கேட்டறிந்த வட கடல் என்ற இந்த இரட்டைத் தன்மை வரைபடம் நெடுகப் படிந்திருக்கிறது. பின்னால் வரும் விவாதத்துக்கும் இதுவே அடிப்படை.

திருச்சபையைச் சீர்செய்ய ஒரு பொதுச்சங்கத்தைக் கூட்டப் போப் மூன்றாம் பவுல் முயன்றபோது, சகோதரர்கள் இத்தாலிக்கு வந்தார்கள். முதலில் மாண்டுவாவிலும் பிறகு விசென்சாவிலும் கூடுவதாக இருந்த அந்தச் சங்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கடைசியில் 1545-இல் டிரெண்ட் நகரில்தான் கூடியது. அந்த இடைப்பட்ட காலத்தில், பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின், வெனிஸின் தலைமைப் பேராயரான முதுபெரும் தந்தை ஜிரோலமோ குயெரினியின் ஆதரவோடு வரைபடம் அச்சேறியது. குயெரினி என்ற பெயருக்கும் வடகடலுக்கும் ஒரு பழைய தொடர்பு இருந்தது என்பதை இங்கே சொல்லாமல் கடக்க முடியவில்லை. பியெத்ரோ குயெரினி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் 1431-ஆம் ஆண்டின் இறுதியில் புயலில் சிக்கி உடைய, பிழைத்தவர்கள் நார்வேயின் லோஃபோட்டன் தீவுக்கூட்டத்தை அடுத்த ரோஸ்ட் தீவில் கரைசேர்ந்து, மீனவர் வீடுகளில் அடைக்கலம் பெற்று, காற்றில் உலர்த்திய காட் மீனைப் பற்றி ஊரில் வந்து சொன்னார்கள். ஆகையால் 1539-இல் வெனிஸ்காரர்களுக்கு வடக்கு கேள்விப்படாத உலகமாக இருக்கவில்லை. அதன் அளவும் செல்வமும்தான் தெரியாமலிருந்தன.

அதுவரை கிடைத்த வரைபடங்கள் அவற்றைக் காட்டவும் இல்லை. தாலமியின் மரபில் ஸ்காண்டிநேவியா ஒரு தீவாகச் சுருங்கிக் கிடந்தது. 1482-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் அச்சான தாலமிப் பதிப்பின் வட வரைபடத்தில் கிரீன்லாந்து நார்வேக்கு வடக்கே தீபகற்பமாகத் தொங்கியது. 1532-இல் யாக்கோப் சீக்லர் வெளியிட்ட ‘ஸ்கோன்டியா’ வரைபடம் இவற்றைவிட மேம்பட்டது. அதற்கான தகவலில் ஒரு பகுதி யோஹான்னஸ் மாக்னுஸிடமிருந்தே போனது. எனினும் அது ஒரு நூலின் பக்கத்தில் அடங்கும் சிறிய படம். ஊர்ப் பெயர்களோடும் ஏரி, மலை, துறைமுகங்களோடும் வடநாடுகளை இவ்வளவு பெரிய அளவில் விரித்துக் காட்டியது கார்ட்டா மரீனாதான்.

படங்களை வாசித்தல்

முதலில் உறைந்த கடலைப் பார்ப்போம். பால்டிக் கடலின் வடபகுதி குளிர்காலத்தில் உறைந்துவிடும். தெற்கிலிருந்து வருபவருக்கு அது கப்பல் போகாத காலம், அதாவது எல்லாம் நின்றுபோகும் காலம். ஓலாவுஸ் காட்டுவது இதற்கு நேர் எதிரானது. பனிமேல் குதிரைகளும் சறுக்கு வண்டிகளும் சாமான்களை ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகின்றன. படை வீரர்கள் பனிமேல் அணிவகுக்கிறார்கள். கோடையில் கப்பற்போர் நடந்த அதே நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் குதிரைப்படைகள் மோதிக்கொள்வதை அவர் பிறகு எழுதிய நூலிலும் விளக்குகிறார். பனிமேல் பயணிகளுக்கென்று அமைக்கப்பட்ட தங்கும் விடுதிகளையும் குறிப்பிடுகிறார். நிலவியலும் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இடம் இது. கடல் உறைவது நிலவியல்; சுவீடன்காரர்களும் மாஸ்கோ படையினரும் அதன்மேல் போரிட்டது வரலாறு. ஒன்றைச் சொல்லாமல் இன்னொன்றை விளக்க முடியாது என்பதை ஓலாவுஸ் உணர்ந்திருந்தார். எந்தப் பருவத்தைக் காட்டுவது என்ற சிக்கலை அவர் தீர்த்த விதமும் துணிச்சலானது: வரைபடத்தின் ஒரு பகுதியில் கோடைக்கால மீன்பிடிப்பும் மற்றொரு பகுதியில் கடுங்குளிரும் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

வடக்கு விளிம்பில் துருவமான்களை மக்கள் பால் கறக்கிறார்கள், வண்டியில் பூட்டுகிறார்கள். பனிச்சறுக்குக் கட்டை அணிந்த வேட்டையாடிகளில் பெண்களும் இருக்கிறார்கள். பண்டைய கதைகளில் வரும் ஸ்டார்காத் என்ற வீரன், வடநாட்டவரின் பண்டைய ரூன் எழுத்துகள் பொறித்த கற்பலகைகளை இரு கைகளிலும் ஏந்தி நிற்கிறான். எங்களுக்கு வீரர் மரபும் உண்டு, எழுத்தும் உண்டு என்று லத்தீன் உலகத்துக்குச் சொல்லும் படம் அது. இதற்குச் சற்றுத் தள்ளி, கம்பத்தில் கட்டிய சிவப்புத் துணியைச் சிலர் வணங்குகிறார்கள். ஸ்டார்காதின் படம் பெருமிதம் என்றால், இந்தப் படம் முறையீடு: நற்செய்தி எட்டாத மக்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போக வேண்டிய திருச்சபையோ அந்த நாட்டையே இழந்து நிற்கிறது. வட ஸ்காண்டிநேவியாவின் பழங்குடியினரான சாமி மக்கள் இந்தப் படத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி ஓலாவுஸுக்கு எழவில்லை. அந்த மக்களின் வழிபாட்டை வெளியிலிருந்து பார்த்த ஒரு குருவின் கண்ணோட்டம் இது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

மேற்கே நகர்ந்தால் பரோயே தீவுகளில் கரையொதுங்கிய ஒரு பெரிய திமிங்கிலத்தின் மேல் ஏறி நின்று மனிதர்கள் கோடரியால் வெட்டுகிறார்கள். பூதக் கதைக்கு இதில் இடமே இல்லை. திமிங்கில இறைச்சியும் கொழுப்பும் அந்தத் தீவு மக்களின் வாழ்வாதாரமாக இருந்தன என்பது வரலாறு. ஐஸ்லாந்தில் பனி மூடிய மலைகளின் அடியில் நெருப்பு எரிகிறது. ஹெக்லா எரிமலை அவற்றுள் ஒன்று. உலர்மீன் வணிகத்துக்கான தடயங்களும், மேற்றிராணியாரின் இருப்பிடங்களும், கடலோரம் மிதக்கும் பனிக்கட்டியின் மேல் வெண்கரடிகளும் அங்கே இருக்கின்றன. ஒரு தீவைப் பற்றிச் சொல்வதற்கு அதன் நெருப்பு, அதன் மீன், அதன் பேராலயம் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தவர் எதை முக்கியமாகக் கருதினார் என்பது தெளிவு.

இனிக் கடல். நார்வேக்கு மேற்கே ஒரு கப்பலை இரண்டு பெருமிருகங்கள் நெருங்குகின்றன. தலையிலிருந்து நீர் பீய்ச்சியடிக்கிறது. கப்பலில் நிற்கும் ஒருவன் எக்காளம் ஊதுகிறான். அலைகளின் மேல் காலிப் பீப்பாய்கள் மிதக்கின்றன. பார்ப்பதற்குக் கேலிச்சித்திரம் போலத் தோன்றும் இந்தக் காட்சிக்கு ஓலாவுஸின் நூலில் முறையான விளக்கம் இருக்கிறது: திமிங்கிலம் கப்பலைக் கவிழ்க்க வரும்போது எக்காளத்தின் கடுமையான ஓசை அதை மிரட்டும், எறிந்த பீப்பாய்கள் அதன் வழியைத் தடுக்கும், அல்லது அது அவற்றோடு விளையாடத் தொடங்கிக் கப்பலை விட்டுவிடும். இது மாலுமிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த தொழில் உபாயம். மிருகத்தின் முகத்தில் கோரைப்பற்களையும் நகங்களையும் சேர்த்தது மரம் செதுக்கியவரின் கைவரிசையாக இருக்கலாம். எக்காளமும் பீப்பாயும் கப்பல்தளத்திலிருந்து வந்தவை. இன்னோரிடத்தில் திமிங்கிலத்தின் முதுகைத் தீவு என்று எண்ணி நங்கூரம் பாய்ச்சிய மாலுமிகள் அதன்மேல் நெருப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். புனித பிரெண்டானின் கடற்பயணக் கதையிலும் வரும் பழைய செய்தி இது. இதற்குக் கப்பல்தள அனுபவம் தேவையில்லை, மடத்து நூலகமே போதும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே மனிதனைக் கொடுக்கால் கவ்விப் பிடிக்கும் ராட்சத இறால் வகையும் ஒன்று உண்டு.

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது, ஒரே கடற்பரப்பில் மூன்று தரத்துச் சாட்சியங்கள் கலந்திருப்பது புலப்படுகிறது: நேரில் தொழில் செய்தவர்களின் அனுபவம், வாய்வழியாக ஊதிப் பெரிதானவை, பழைய ஏடுகளில் படித்தவை. ஓலாவுஸ் இவற்றுக்கிடையே தரம் பிரிக்கவில்லை; எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எழுத்திட்டு ஒரே அட்டவணையில் சேர்த்தார். இந்த வரைபடத்தின் பெருங்குறை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும். பெர்கன் நகரை அடுத்த கடலோரக் குகைகளில் வாழும் 200 அடி நீளப் பாம்பைப் பற்றி அவர் எழுதும் தொனியும் உலர்மீன் வணிகத்தைப் பற்றி எழுதும் தொனியும் ஒன்றாகவே இருக்கின்றன.

சோதனைக்கு உட்பட்ட சாட்சியம்

லோஃபோட்டன் தீவுகளின் முனையில் ஒரு பெரும் நீர்ச்சுழி, கப்பல் ஒன்றைத் தன்னுள் இழுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் அச்சமூட்டும் லத்தீன் வாசகம், கிரேக்கக் கதைகளின் கரிப்டிஸ் சுழியின் பெயரால் அதைக் குறிக்கிறது. கப்பலை விழுங்கும் அளவுக்கு வரைந்தது மிகை. ஆனால் மொஸ்கென்ஸ்ட்ராவ்மன் எனப்படும் கடுமையான ஓத நீரோட்டம் அந்த இடத்தில் இன்றும் சுழித்துக்கொண்டிருக்கிறது. இடம் சரி, பொருள் சரி, அளவு மட்டும் தவறு.

இதைவிடச் சுவையானது ஐஸ்லாந்துக்குக் கிழக்கேயுள்ள கடல். வரைபடத்தின் மற்ற நீர்ப்பரப்புகளில் அலையைக் காட்டச் சிறுசிறு கோடுகளே இடப்பட்டிருக்க, ஐஸ்லாந்துக்கும் பரோயே தீவுகளுக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து பெரிய சுருள்கள் வரிசையாக வரையப்பட்டுள்ளன. அழகுக்காகச் செதுக்கியவை என்றே அவை நெடுங்காலம் கருதப்பட்டன. 2003-ஆம் ஆண்டு, ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் கடலியலாளர் தாமஸ் ராஸ்பியும் பிளிமத் கடலியல் ஆய்வகத்தின் பீட்டர் மில்லரும், செயற்கைக்கோள் பதிவுசெய்த கடற்பரப்பு வெப்பநிலைப் படங்களை அந்தச் சுருள்களோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரும் வடக்கிலிருந்து வரும் குளிர்நீரும் சந்திக்கும் எல்லை அந்தப் பகுதியில்தான் ஓடுகிறது. அந்த எல்லையோரம் பெரிய சுழல்கள் உருவாகி மறைகின்றன. வரைபடத்தின் சுருள்கள் அமைந்த இடமும் அவற்றின் அளவும் இந்த எல்லையோடு பொருந்துவதால், ஹான்சா நகரங்களிலிருந்து ஐஸ்லாந்துக்குப் போய்வந்த மாலுமிகள் இதை உணர்ந்திருந்தார்கள் என்றும், அவர்கள் சொன்னதையே ஓலாவுஸ் பதிந்தார் என்றும் இருவரும் வாதிட்டார்கள்.

இந்த வாதத்தை முழுமையாக நிரூபிப்பது இயலாது. அந்த மாலுமிகளின் குறிப்பேடு எதுவும் நம் முன் இல்லை. ஆனாலும் சுருள்கள் வேறெங்கும் இல்லாமல் அந்த ஒரு பகுதியில் மட்டும் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று சொல்வதற்கு அதிக நம்பிக்கை வேண்டும். நீரின் நிறமும் குளிரும் மாறுவதையும், கப்பல் எதிர்பாராத திசையில் நகர்வதையும் பலமுறை கண்டவர்கள் அதைப் பேசாமல் இருந்திருக்கமாட்டார்கள். கடல் பாம்பைப் பற்றிச் சொன்னவர்களும் இதே மாலுமிகளாக இருக்கக்கூடும் என்பதுதான் இந்த நிகழ்வின் முடிச்சு. கேட்டதைத் தயங்காமல் ஏற்று வரைந்த அதே பழக்கம், பாம்பையும் வரைபடத்துக்குள் கொண்டுவந்தது, 464 ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய நீரோட்டச் செய்தியையும் கொண்டுவந்தது. சந்தேகக் கண்ணோடு வடிகட்டும் ஒருவர் வரைந்திருந்தால் இரண்டுமே நமக்குக் கிடைத்திருக்காது.

நிலவியல் பிழைகள் இல்லாமல் இல்லை. வெள்ளைக் கடல் என்று நாம் அறிவது ‘வெள்ளை ஏரி’ என்ற பெயரில் நிலத்தால் சூழப்பட்டுக் கிடக்கிறது. பண்டையோர் பேசிய தூலே தீவு ஸ்காட்லாந்துக்கு வடக்கே தனித் தீவாக மிதக்கிறது. மரத்துக் காய்களிலிருந்து வாத்துகள் பிறக்கும் காட்சியும் ஸ்காட்லாந்துப் பக்கத்தில் இடம்பெற்றுவிட்டது. இவற்றைப் பட்டியலிட்டுச் சிரிப்பது எளிது. அக்காலத்து மற்ற வரைபடங்களோடு ஒப்பிட்டால் பொத்னியா வளைகுடாவும் சுவீடனின் பேரேரிகளும் பின்லாந்தின் கரையும் எவ்வளவோ முன்னேறியிருப்பதே தெரியும்.

மறைவும் மீட்பும்

சுவீடனை மீண்டும் கத்தோலிக்கத்துக்குக் கொண்டுவர ரோமைத் தூண்டும் என்று ஓலாவுஸ் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. 1544-இல் யோஹான்னஸ் இறந்தபின் உப்சாலாவின் பேராயர் பட்டம் ஓலாவுஸுக்கு வந்தது. போகமுடியாத ஊரின் பேராயராக அவர் டிரெண்ட் பொதுச்சங்கத்தில் அமர்ந்தார். சுவீடன் கத்தோலிக்கத்துக்குத் திரும்பவில்லை. வரைபடத்தின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து விரித்து, வடநாட்டு மக்களின் வரலாறு குறித்து 22 பகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை எழுதி, 1555-இல் ரோமில் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டார். பனித்துகள்களின் பல்வேறு வடிவங்களை ஐரோப்பாவில் முதன்முதலில் படமாக்கியதும் அந்த நூல்தான். அது பல மொழிகளில் பரவியது. 1557-இல் ரோமிலேயே அவர் காலமானார்.

நூல் வாழ்ந்தது, வரைபடம் மறைந்தது. அச்சிட்ட படிகள் சிலவே. சுவரில் தொங்கும் பெருந்தாள்கள் புத்தக அட்டைக்குள் இருக்கும் பக்கங்களைப்போல நீடிப்பதுமில்லை. 1572-இல் ரோமில் அந்துவான் லாஃப்ரெரி அதைச் சிறிதாக்கிச் செப்புத்தகட்டில் செதுக்கி வெளியிட்டார். அதன்பின் மூலவரைபடம் கண்ணில் படாமலே போய், அப்படி ஒன்று இருந்ததா என்றே ஐயுறும் நிலை வந்தது. 1886-இல் மியூனிக்கின் அரசு நூலகத்தில் ஆஸ்கர் பிரென்னர் ஒரு படியைக் கண்டெடுத்தார். இரண்டாவது படி 1960-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் வெளிப்பட்டு, உப்சாலாப் பல்கலைக்கழக நூலகத்தால் வாங்கப்பட்டது. பேராயரான பின் ஓலாவுஸ் காலடி வைக்க முடியாத பேராலய நகருக்கு அவருடைய வரைபடம் இவ்வாறு போய்ச்சேர்ந்தது. இன்று முழுமையாக உள்ளவை இந்த இரண்டு படிகளே.

பிரதியெடுத்தவர்கள் செய்தது

மூலம் மறைவதற்கு முன்பும் பின்பும் அதன் விலங்குகள் சும்மா இருக்கவில்லை. செபாஸ்டியன் மூன்ஸ்டர் தம் உலகவியல் நூலில் கடல் மிருகங்களை மட்டும் பிரித்தெடுத்து ஒரே பக்கத்தில் குவித்தார். விலங்கியலாளர் கான்ராட் கெஸ்னரும் அவற்றைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். இந்த இடத்தில்தான் முக்கியமான ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஓலாவுஸிடம் ஒவ்வொரு மிருகமும் ஓர் இடத்தோடு, ஒரு கரையோடு, அங்கு தொழில் செய்த மனிதர்களோடு கட்டுண்டிருந்தது. எக்காளம் ஊதுபவனும் பீப்பாய்களும் இருந்ததால்தான் அந்தத் திமிங்கிலத்துக்குப் பொருள் இருந்தது. மூன்ஸ்டரின் பக்கத்தில் புவியியல் கழன்றுவிட்டது. எஞ்சியது வினோதக் காட்சி. கடல் பூதங்கள் வெற்றிடத்தை நிரப்பும் அலங்காரம் என்ற எண்ணம் பிற்காலத்தில் வேரூன்றியதற்கு, மூலத்தைக் காணாமல் இத்தகைய பிரதிகளை மட்டும் பார்த்துப் பழகியதும் ஒரு காரணமாக இருக்கவேண்டும்.

வரையப்பட்டவர்களின் தரப்பிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஆர்ன்கிரிமூர் யோன்சன் என்ற அறிஞர், தம் நாட்டைப் பற்றி அயல்நாட்டார் எழுதிய பொய்களை மறுத்து லத்தீனில் எழுதிய சிறுநூல் 1593-இல் கோபன்ஹேகனில் வெளியானது. மூன்ஸ்டர் போன்றோரின் கூற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மறுத்தார். ஹெக்லா எரிமலையின் அடியில் பாவிகளின் ஆன்மாக்கள் வதைபடுகின்றன என்ற கதையும் அவற்றுள் அடக்கம். அவரை எழுதத் தூண்டியவர் ஹோலார் மறைமாவட்டத்தின் லூத்தரன் மேற்றிராணியார் குட்பிராந்தூர் தோர்லாக்சன்.

ஆபிரகாம் ஓர்ட்டேலியஸ் 1590-இல் தம் உலக வரைபடத் தொகுப்பில் சேர்த்த ஐஸ்லாந்து வரைபடத்துக்கு அடிப்படையாக அமைந்தது இதே குட்பிராந்தூரின் வேலைதான் என்று வரைபட வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதில் கரையோரம், வளைகுடாக்கள், ஊர்ப்பெயர்கள் எல்லாம் அதற்கு முந்தைய எந்த வரைபடத்தையும்விடச் சரியாக உள்ளன. தீவுக்குள்ளேயே வாழ்ந்த ஒருவரின் அறிவு அதில் தெரிகிறது. ஆனால் ஆண்ட்வெர்ப்பில் அதை வெளியிட்டவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஹெக்லா வானுயர நெருப்பைக் கக்குகிறது. தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் ஓலாவுஸிடமிருந்தும் மூன்ஸ்டரிடமிருந்தும் வந்த மிருகங்கள் நீந்துகின்றன. அவற்றுக்கு எழுத்துகள் இட்டு, தாளின் பின்பக்கத்தில் விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.